ஈயலும் இறாலும்

உணவைப் பற்றி எழுதப் புகுகின்றோம். அதுவும் பெயரைக் கேட்ட அளவிலேயே பலர் முகஞ்சுளிக்கும் ஓர் உணவைப் பற்றி. 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தமிழைத் தன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் அரசு, 16 வகைப் பூச்சிகளை மக்கள் உண்ணத் தக்கவை என்று ஏற்று இசைவு தந்தது. சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியும் மாவுப்புழுவும் பட்டுப்புழுவும் அப்பட்டியலில் உள்ளன. அதற்கு மூன்றாண்டுகட்கு முன்பே, 2021இல், ஐரோப்பிய ஒன்றியம் மாவுப்புழுவை மக்கள் உணவாக ஏற்றுக்கொண்டது. 'இனிப் புழுவையும் பூச்சியையும் தின்னப் போகின்றார்களாம்' என்று நகைப்பவர் நம்மிடையே பலர். நகைக்கட்டும். ஆனால், பாரியின் பறம்புநாட்டில் மழை விட்ட காலையில் அடுப்பில் என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு நகைக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

புறநானூற்றின் 119ஆம் பாட்டு கபிலர் பாடியது. பாரி மாய்ந்தபின் அவன் நாட்டு வளம் இனி என்னாகுமோ என்று நெஞ்சுருகிப் பாடியது. அந்நாட்டு வளத்துக்கு அவர் காட்டும் அடையாளம் பொன்னன்று, களிறன்று. கார்மழை பெய்து ஓய்ந்த இனிய காலத்தில், செம்புற்றிலிருந்து எழுந்த ஈயலை மோரிலிட்டுப் புளிப்பேற்றிய உணவும், புதிதாய் விளைந்த தினையுமே அவர் கண்முன் நிற்கின்றன. அகநானூற்றின் 394ஆம் பாட்டோ சமையல் முறையையே சொல்லிவிடுகின்றது. செம்மறியாட்டின் முற்றிய தயிர், நன்கு தீட்டிய வரகரிசி, மழை பெய்து ஈரம் ஊறிய புற்றின் ஈயல் ஆகியவற்றை ஒன்றாகப் பெய்து அட்ட இனிய புளிச்சோறு. அதன்மேல் ஆவின் வெண்ணெய் உருகிப் பரவுகின்றது. தலைவனையும் அவனொடு வரும் இளைஞரையும் அழைத்து இடும் விருந்து அது. வறுமையால், வேறு வழியின்மையால், வயிற்றுக்கு ஏதோ கிடைத்ததென்று உண்டதன்று என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். விருந்தினர்க்கு இட்டது!

ஈயல் என்னும் அச்சொல்தான் இன்று ஈசல் என வழங்குகின்றது. வாயில் வாசலானதுபோல் யகரம் சகரமாய்த் திரிந்ததே ஒழிய, சொல் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. அவ்வாறே நற்றிணையின் 180ஆம் பாட்டில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முயிறு என்னும் செவ்வெறும்பு வருகின்றது. அதனை இன்றும் நம் சிற்றூர்களில் முசிறு என்பர். இந்த முயிற்றைத்தான் ஒடிசாவின் மயூர்பஞ்சுப் பகுதிப் பழங்குடியினர் முட்டையோடு சேர்த்து அரைத்து உப்பும் மிளகாயும் இட்டுத் துவையலாக்கி உண்கின்றனர். 'காய்' என்பது அவர்கள் அவ்வெறும்புக்கு இட்ட பெயர். 2024ஆம் ஆண்டு சனவரியில் சிமிலிபால் காய்த் துவையலுக்கு நில அடையாளப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அங்கே அது சந்தையில் விற்கும் பொருள். அம்மக்களின் பெயரால் காக்கப்பட்ட பொருள். இங்கோ முசிறு மாமரத்தின்மேல் ஏறுவாரைக் கடிக்கும் ஒரு தொல்லை என்ற அளவில் நின்றுபோயிற்று.

ஈசல் முற்றும் மறைந்துவிடவில்லை. மழை பெய்து வெயில் தட்டி, மீண்டும் மாலையில் புழுக்கம் ஏறும் நாள் எது என்பதை இருளர் குடிப் பெண்கள் காற்றைக் கொண்டே சொல்லிவிடுவர். புற்றின் வாயைச் சுற்றித் தழையாலோ துணியாலோ மறைப்புக் கட்டி, ஒருபால் மட்டும் திறந்துவிட்டு, அங்கே சிறு விளக்கொன்றை வைத்து, அதன்கீழ்க் குழி பறித்தோ பானை புதைத்தோ காத்திருப்பர். எழுகின்ற ஈசல் ஒளியை நோக்கி வந்து குழியில் விழும். விடிந்தபின் வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்தால் சிறகெல்லாம் பறந்துபோம். பின் ஓட்டிலிட்டு வறுத்து, அரிசிப்பொரியும் பொட்டுக்கடலையும் கலந்தால் பல நாளைக்குக் கெடாத தின்பண்டம். வட மாவட்டங்களின் ஊர்ச்சந்தைகளில் அதனைப் படியால் அளந்து விற்பதுண்டு. புற்றை இடிப்பதில்லை என்பது இத்தொழிலின் உள்ளடக்கமான அறிவு. இடித்தால் அடுத்த ஆண்டு ஈசல் இல்லை. எந்த வேளாண் கல்லூரியிலும் சொல்லித் தராமலேயே இஃது அவர்கட்குத் தெரியும்.

இத்துணை நுட்பமான தொழிலை இழிவென்று ஆக்கியவர் யார்? ஊனுண்ணாமையைத் தம் மேன்மைக்கு அளவுகோலாக நட்டு, அக்கோலால் மற்றவர் சட்டிகளை அளந்தவர்களே. அவ்வளவையில் ஆடு ஒரு படி கீழே. மாடு அதற்கும் கீழே. எலியும் ஈசலும் அடிமட்டம். உண்ணும் பொருளைக் கொண்டு உண்பவனைத் தாழ்த்திய இந்தச் சூழ்ச்சியை நாம் நன்கறிவோம். வியப்பென்னவெனில், அதே பூச்சி வண்ணப் பையில் அடைபட்டு, ஆங்கிலப் பெயரெழுதி, வெளிநாட்டு உணவுப்பொடியாய் வந்திறங்கும் நாளில் நம் நகரத்துப் பெருங்கடைகளில் அதற்குத் தனியிடம் கிடைக்கும். முகஞ்சுளித்தவர்களே விலை கேட்பர். முறத்தோடு சந்தையில் அமர்ந்திருக்கும் இருளப் பெண்ணுக்கு மட்டும் அப்போதும் விலை ஏறாது. நாம் இதை எழுதுவதற்கு ஏது இதுதான்.

இனி, மலையடிவாரத்து ஈசலுக்கும் வடசென்னைக் கடற்கரையின் நெட்டுக்குப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உடலிலேயே இருக்கின்றது. இறாலும் நண்டும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. பூச்சிகள் ஓட்டுடலிகளிலிருந்து கிளைத்தவை என்றே இற்றை உயிரியலார் சொல்கின்றனர். இறாலை உண்டால் உடல் தடிப்பவர்க்குப் பூச்சியுணவும் ஒவ்வாது என்பது இவ்வுறவின் மறுக்கவொண்ணாத சான்று. ஆறு கால் உடையதைக் கண்டு அருவருத்துப் பத்துக்கால் உடையதை விலைகொடுத்து வாங்கும் நாக்கின் நயன்மையை என்னென்பது!

தொழிலிலும் தொடர்பு உண்டு. கொசத்தலை என வழங்கும் கொற்றலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், ஓலைக்கூடையைப் பற்களால் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் நின்று, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிப்பவர்களும் இருளர் குடிப் பெண்களே. காட்டில் புற்றருகே விளக்கேற்றிய கையும் கழியில் சேற்றைத் துழாவும் கையும் ஒரே குடியின் கைகள். முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்து மீனவரோ தலைமுறை தலைமுறையாய் அந்தக் கழியிலும் கடலிலும் வலைவீசி வாழ்பவர்கள். ஈசலுக்கு இடிபடாத புற்று எப்படியோ, இறாலுக்கு நஞ்சு படாத சேறு அப்படி.

அந்தச் சேற்றின் நிலை என்ன? 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பெற்ற எண்ணூர் அனல்மின் நிலையமும், அதன் வடபால் 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையமும் கழிக்குத் தந்தவை வெந்நீரும் நிலக்கரிச் சாம்பலும். சாம்பற்குழம்பு கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து கழியில் படிந்த சாம்பல் அடுக்கு அடுக்காய்க் கிடக்கின்றது. 2017 சனவரி 28ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. அதனை வாளியால் அள்ளினார்கள். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழியில் பரவிப் படகையும் வலையையும் அலையாத்திச் செடியையும் ஒருங்கே கறுப்பாக்கியது. அத்திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா வளி கசிந்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். ஒரே திங்களில் இவ்விரண்டும்! போதாக்குறைக்கு, தென்னமெரிக்கக் கடலிலிருந்து கப்பல் நீரோடு வந்து சேர்ந்த மட்டியொன்று, நம் மீனவர் 'காக்கா ஆழி' என்று பெயரிட்டது, இறால் தங்கும் தரையெல்லாம் கம்பளம்போல் மூடிக்கொண்டது.

எண்ணெய்ப் பரவலுக்குப் பின் அரசு 2,301 குடும்பங்கட்குத் தலைக்கு 12,500 உருபாவும், 787 படகுகட்கு ஒன்றுக்கு 10,000 உருபாவும் அறிவித்தது. கொடுத்ததைக் குறை சொல்லோம். ஆனால், 12,500 உருபாவில் ஒரு குடும்பம் எத்தனை நாள் உண்ணும்? கழி தேறுவதற்கு எத்தனை ஆண்டு ஆகும்? இவ்விரண்டு கேள்விக்கும் இடையே உள்ள வெளியில்தான் 'மாற்றுத் தொழில்' என்னும் சொல் நுழைகின்றது. மீனவர் காதுக்கு அச்சொல் புதிதன்று.

பூச்சி வளர்ப்பு அத்தகைய மாற்றுத் தொழிலாக வந்து நிற்கும் நாள் தொலைவிலில்லை. ஆதலின் அதன் நன்மையையும் தீமையையும் இப்போதே எண்ணிப் பார்த்தல் நலம். நன்மையை மறைக்க வேண்டுவதில்லை. உலக உணவு வேளாண் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேர் பூச்சியை உணவில் சேர்க்கின்றனர் என்றும், உண்ணத் தக்கனவாக 1,900க்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன என்றும் கூறியது. மாடு ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஏறத்தாழ 8 கிலோ தீனி வேண்டும். சுவர்க்கோழிக்கு 2 கிலோ போதும். (நம் முன்னோர் அதற்குக் கோழி என்றே பெயரிட்டது அது கூவும் ஓசையால்தான்; ஆயினும் பெயர் இப்போது வேறு வகையிலும் பொருந்திவிட்டது.) தாய்லாந்தில் 1990களின் இறுதியில் பல்கலைக்கழகம் ஒன்று கற்றுக்கொடுத்த முறையைக் கொண்டு உழவர்கள் சிமிட்டித் தொட்டிகளில் முட்டை அட்டைகளை அடுக்கிச் சுவர்க்கோழி வளர்க்கத் தொடங்கினர். 2013 அளவில் அங்கே 20,000 பண்ணைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 7,500 டன் விளைச்சல். முட்டையிலிருந்து விற்பனை வரை ஒன்றரைத் திங்கள்தான். வீட்டுப் புறக்கடையே பண்ணை, பெண்களே உழவர்.

நம் கடற்கரைக்கு இன்னும் பொருத்தமானது மற்றொன்று. கறுப்புப் படைவீரன் ஈ என்று ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அதனை அழைக்கின்றனர். அது எந்தப் போரையும் கண்டதன்று. அதன் புழு உண்பது கழிவு. அதைக் கழிவுண்ணி ஈ என்றால் கேட்பவர்க்கு அதன் தொழில் உடனே விளங்கும். வளர்ந்த ஈ கடிப்பதில்லை. வீட்டு ஈயைப்போல் சோற்றில் வந்து மொய்ப்பதுமில்லை. முட்டை நான்கு நாளில் பொரிகின்றது. புழு காய்கறிக் கழிவையும் மீன்கழிவையும் ஏறத்தாழ இரு கிழமை தின்று கொழுக்கின்றது. உலர்த்திய புழுவில் ஐந்தில் இரு பங்கு புரதம். எஞ்சிய சக்கை எரு. மக்கள் உண்ண வேண்டா. மீனும் கோழியும் உண்ணும். ஐரோப்பியர் 2017இல் மீன்தீனிக்கும் 2021இல் கோழித்தீனிக்கும் பூச்சிப் புரதத்தை ஏற்றனர். இங்கே மீன்தீனி எதிலிருந்து வருகின்றது? ஏழை வீட்டுக் குழம்புக்குரிய சாளையும் காரலும் நெத்திலியும் ஆலைக்குப் போய் மாவாகி, யாரோ உண்ணப்போகும் இறாலுக்குத் தீனியாகின்றன. அந்தச் சிறுமீன் சட்டிக்குத் திரும்புமானால், கழிவுண்ணி ஈக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். காசிமேட்டில் நாளும் வெட்டியெறியப்படும் மீன்தலையும் குடலும் இன்று நாற்றத்துக்கே பயன்படுகின்றன.

ஆனால், மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, நஞ்சு. கழிவுண்ணியின் புழு தான் தின்னும் தீனியிலுள்ள காட்மியத்தைத் தன் உடலில் திரட்டிக்கொள்ளும்; மாவுப்புழுவிடம் ஆர்சனிக்கு அவ்வாறே சேரும். நிலக்கரிச் சாம்பலில் இவையும் காரீயமும் இதள் எனும் பாதரசமும் உண்டு. சாம்பல் படிந்த கழியின் மீனைத் தீனியாக்கிப் புழு வளர்த்து, புழுவைக் கோழிக்கிட்டு, கோழியை நாம் உண்டால், அனல்மின் நிலையத்தின் சாம்பலைச் சுற்றுவழியில் நம் தட்டிலேயே கொட்டிக்கொள்வதாகும். ஆகவே, கழி கெட்டது, பூச்சி வளர்க்கலாம் என்பது பிழையான கணக்கு. கழி கெட்டால் பூச்சியும் கெடும்.

மற்றொன்று, நோய். நெருக்கி வளர்க்கும் எவ்வுயிர்க்கும் கொள்ளைநோய் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சுவர்க்கோழிப் பண்ணைகள் ஒரு நச்சுயிரியால் கூண்டோடு அழிந்த வரலாறு இருக்கின்றது. கடன் வாங்கித் தொட்டி கட்டியவனுக்கு ஓரிரவில் தொட்டி மட்டுமே எஞ்சும்.

மூன்றாவதே முதன்மையானது. யாருடைய பண்ணை? இதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டுவதில்லை; நம் கடற்கரையே பாடம் சொல்லும். 1990களில் இறால் வளர்ப்பு இதேபோல் கடலோர ஏழையர்க்கு வாழ்வளிக்க வந்த தொழிலென்று பாராட்டப்பட்டது. நாகைப் பகுதியில் நெல் விளைந்த நிலங்கள் பணமுதலைகளின் கைக்குப் போயின. கிணற்று நீர் உப்பாயிற்று. உழவுக்கூலி வேலை இழந்தவன் தன் பழைய வயலின் வேலிக்கு வெளியே நின்றான். 1994, 1995இல் வெண்புள்ளி நோய் வந்து இறாலும் செத்தது. நிலவுரிமைப் போராளிகளான கிருட்டிணம்மாள், செகந்நாதன் இணையர் மக்களைத் திரட்டிப் போராடினர். செகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 11ஆம் நாள் உச்ச நயன்மன்றம் கடலோர ஒழுங்குப் பகுதிக்குள் அத்தகு பண்ணைகள் கூடா எனத் தீர்ப்பளித்தது. 2005இல் நடுவணரசு தனிச்சட்டம் ஒன்றியற்றி அத்தீர்ப்பின் பிடியைத் தளர்த்திவிட்டது. இறாலில் நடந்தது இறாலின் உறவான பூச்சியில் நடவாது என்பதற்கு என்ன உறுதி?

நல்ல பாடமும் நம்மிடம் உண்டு. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றது; அதனையே நம்பிய இருளர் குடும்பங்கள் பசியில் விழுந்தன. அவர்களை எலிமருந்து விற்கவோ கல்லுடைக்கவோ அனுப்பாமல், பாம்பை அறிந்த அவர்களின் அறிவையே முதலாக வைத்து, 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகின்றது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீளக் காட்டில் விட்டுவிடுவர். நாடெங்கும் பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் ஆலைகட்கு வேண்டும் நஞ்சில் பெரும்பங்கு இக்கழகத்திலிருந்தே போகின்றது. அக்குடியின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் தாமரைத்திரு விருது கிடைத்தது. இழிவென்று ஒதுக்கப்பட்ட கைத்திறன் உயிர்காக்கும் தொழிலானது எதனால்? அறிவுடையவரே உறுப்பினர், உறுப்பினரே உரிமையாளர். அரசின் ஆண்டிசைவு காலந்தாழ்ந்தால் அக்கழகமும் இடர்ப்படுகின்றது என்பது வேறு. அடித்தளம் சரியானது.

ஈசலுக்கும் அதுவே வழி. வட மாவட்டத்து இருளப் பெண்கள் வறுத்த ஈசலுக்குத் தம் கூட்டுறவின் முத்திரையிட்டு, ஈசல் என்ற தமிழ்ப்பெயராலேயே விற்கும் உரிமை வேண்டும். மயூர்பஞ்சு மக்கள் பெற்ற குறியீட்டை நம் ஈசல்பொரிக்குக் கேட்டுப் பெறுவதில் என்ன தடை? புற்றுள்ள புறம்போக்கு மேடுகளை மனைப்பிரிவாக்காமல் விட்டுவைத்தாலே பாதி வேலை முடிந்தது. தருமபுரிப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு வரும் கூடுகளில் நூலெடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழு அசாமில் விருந்துப்பொருள். இங்கு அதன் பயன் யாரைச் சேர்கின்றது என்பதையும் கூட்டுறவுத் துறையினர் எண்ணிப் பார்க்கலாம்.

நெட்டுக்குப்பத்தின் செய்தி வேறு. அங்கே கழிவுண்ணி ஈ வளர்க்கத் தொட்டி வைக்க விரும்பும் பெண்கள் வைக்கட்டும். அதற்குப் பயிற்சியும் முதலும் அரசு தரட்டும். விளையும் புழுவையும் எருவையும் அவர்கள் கூட்டுறவே விற்கட்டும். அது வலைக்கு மேல் ஒரு வருவாயாய் இருத்தல் வேண்டும். வலைக்கு ஈடாய் இருத்தல் கூடாது. 'உங்கட்குத்தான் பூச்சிப்பண்ணை தந்துவிட்டோமே, கழி எதற்கு?' என்று கேட்க ஓர் ஏடு உருவாகுமாயின், அந்தத் தொட்டி எவ்வளவு ஊதியம் தந்தாலும் வேண்டா. கழியின் சாம்பலை அள்ளுதலும், காக்கா ஆழியை அகற்றுதலும், குழாய்க் கசிவை நிறுத்துதலும் தொட்டி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை.

அவற்றுக்கும் முன்னால் செய்யத் தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. கொற்றலையாற்றுக் கழியின் சேற்றிலும் நீரிலும் இறாலிலும் மீனிலும் காட்மியமும் ஆர்சனிக்கும் காரீயமும் பாதரசமும் எவ்வளவு என்று பருவந்தோறும் அளந்து, அந்த அளவுகளை மீனவர் படிக்கும் தமிழில், தாளில் அச்சிட்டு, நெட்டுக்குப்பத்து மீனிறக்கும் துறையில் ஒட்ட வேண்டும்.